பதினான்கு வரியும் பதினைந்து சீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

யாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வரும் வாசகர் கடிதங்களில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. மனசு கொந்தளிக்கிறவனுக்கு அசை எண்ண நேரமேது, துக்கத்தில் இருப்பவன் எதுகை தேடுவானா, உள்ளே குழப்பம் என்றால் வெளியே வரும் வரியும் குழப்பமாகத்தானே இருக்கும் என்று கேட்கிறார்கள். மதுரையில் ஒருவர் ஆங்கில இலக்கியமும் ஒருவர் தமிழ் இலக்கியமும் கற்பிக்கிற நாங்கள் இருவரும் சேர்ந்து இதற்குப் பதில் எழுதுகிறோம். புதுக்கவிதையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. குழப்பத்தைச் சொல்ல யாப்பு உதவாது என்ற முடிவைத்தான் மறுக்கிறோம். குழப்பத்தை அழித்துவிடாமல், அது புரளப் புரள, அதற்கு ஓர் எல்லை போட்டுக் காட்டுகிற வேலையை யாப்பு செய்கிறது. அந்த வேலை எந்தச் சீரில், எந்த எழுத்தில் நடக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு குறளிலிருந்து தொடங்கலாம்.

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்.

அலகிட்டுப் பார்ப்போம், அதாவது ஒவ்வொரு சீரையும் அசைகளாகப் பிரிப்போம்: தனியெழுத்து நின்றால் நேர், குறிலோடு இன்னோர் உயிர் அல்லது உயிர்மெய் இணைந்தால் நிரை. பிற-விப்: நிரை நேர், புளிமா. பெருங்-கடல்: நிரை நிரை, கருவிளம். நீந்-துவர்: நேர் நிரை, கூவிளம். நீந்-தார்: நேர் நேர், தேமா. இறை-வன்: மறுபடி புளிமா. அடி-சே-ரா: நிரை நேர் நேர், புளிமாங்காய். கடைசியில் 'தார்' என்ற ஒற்றை நேரசை, நாள் என்னும் வாய்பாடு. ஏழு சீருக்கு நடுவே ஆறு சந்திப்புகள். மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர் என்ற வெண்டளை, அதாவது வெண்பாவுக்குரிய சீர் இணைப்பு, ஆறிலும் பிசகவில்லை.

இதுவரை சொன்னதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது; தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. பாட்டு என்ன செய்கிறது என்பது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் அடியில் ஒரு பெரிய கடல் இருக்கிறது. அதில் 'நீந்துவர்', 'நீந்தார்' என்று ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு வினைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. யார் நீந்துவர், யார் நீந்தார் என்று அடி முடியும்வரை தெரியாது. அந்தத் தவிப்பு நான்கு சீர் நீடிக்கிறது. விடை மூன்று சீரில் வருகிறது. அதுவும் நீந்தாதவர்க்கு மட்டும். நீந்துகிறவர் யார் என்பதை உரைகாரர்கள் வருவித்துச் சொல்வார்கள். இனி 'அடிசேராதார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். யாப்பு அதை நடுவில் வெட்டி, 'அடிசேரா' என்று நிறுத்தி, 'தார்' என்று விழவைக்கிறது. இதை வகையுளி என்பார்கள். மாணவர்கள் பொருளைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரே மூச்சில் 'அடிசேராதார்' என்று வாசிக்கும்போது ஏழாவது சீர் காணாமல் போகிறது. பாட்டு முடிந்த உணர்வும் அதோடு போய்விடுகிறது. கடலில் தொடங்கிய வரிக்குக் கரை அந்த ஒற்றை நெடிலில்தான் கிடைக்கிறது.

ஒரு சோதனை. 'பெருங்கடல்' என்பதை 'ஆழ்கடல்' என்று மாற்றுங்கள். பொருள் பெரிதாகக் கெடாது. ஆனால் 'பிறவி' புளிமா. அடுத்து வரும் 'ஆழ்' நேரசை. மாவுக்குப் பின் நேர் வந்தால் அது ஆசிரியத்தளை. வெண்பாவின் செப்பலோசை அங்கே அறுந்து ஆசிரியப்பாவின் அகவலோசை புகுந்துவிடும். இலக்கணம் அறியாதவர் வாய்விட்டுச் சொன்னாலும் அந்த இடத்தில் நாக்கு ஒரு கணம் தடுமாறும். ஒழுங்கு காதில் இருக்கிறது. இலக்கண நூல் அதற்குப் பெயர் மட்டும் வைத்திருக்கிறது.

இப்போது பதினான்கு வரிப் பாட்டான ஆங்கில சானெட்டுக்கு வருவோம். குறளில் தவிப்புக்கு நான்கு, விடைக்கு மூன்று. சானெட்டின் மூல வடிவத்தில் முதல் எட்டு வரியில் சிக்கல், பின் ஆறு வரியில் திருப்பம். எட்டுக்கு ஆறு என்பதும் நான்குக்கு மூன்றுதான். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல வரவில்லை, வந்திருக்க வழியில்லை. ஆனால் இரண்டு வடிவங்களும் சரிபாதியாகப் பிரியாமல் பின்பகுதியைக் குறுக்கியிருப்பதற்குக் காரணம் ஒன்றே என்று நினைக்கிறோம். கேள்விக்குக் கொடுத்த இடத்தைவிட விடைக்கு இடம் குறைவாக இருந்தால், விடை இறுகி வந்தாக வேண்டும். ஏழுக்கு ஏழு என்று பிரித்தால் பாட்டு தராசுபோல நின்றுவிடும், நகராது.

வரலாறு சுருக்கமாக: 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில், மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையைச் சேர்ந்த ஜாகமோ தா லெந்தீனி கையில் இந்த வடிவம் பிறந்தது என்பது பொதுவான கருத்து. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் அதை இத்தாலி முழுக்கப் புகழ்பெறச் செய்தார். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர்கள் வையட்டும் சர்ரேயும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவதால் அங்கே வரியிறுதி ஒலி ஒத்துவருவது எளிது; முதல் எட்டு வரியையும் இரண்டே ஒலிகளில் முடிக்கலாம். ஆங்கிலத்தில் அது கடினம். அதனால் சர்ரே நான்கு நான்கு வரிகளாக மூன்று கண்ணிகளும் கடைசியில் இரண்டு வரியும் என்று மாற்றி, ஏழு ஒலிகள் வரை இடம் கொடுத்தார். ஷேக்ஸ்பியர் கைக்கொண்டது இதைத்தான். 1609இல் அச்சான அவருடைய தொகுப்பில் 154 சானெட்டுகள் உள்ளன. (அவற்றில் 99ஆவதில் பதினைந்து வரி, 126ஆவதில் பன்னிரண்டு வரி. வரியை எண்ணிவிட்டு சானெட் என்று எழுதும் மாணவர்களுக்கு இந்த இரண்டையும் முதலில் காட்ட வேண்டும்.)

தமிழ் வாசகருக்கு சானெட்டில் முதல் தடை ஓசை. நம் யாப்பு குறில், நெடில், ஒற்று என்ற கால அளவில் நிற்பது. ஆங்கில வரி அழுத்தத்தில் நிற்பது: மெலிந்த அசை ஒன்று, அழுத்தமான அசை ஒன்று, இப்படி ஐந்து இணை, ஆக வரிக்குப் பத்து அசை. எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து ஆங்கிலம் வாசிக்கும் நம் பழக்கத்தில் அந்த ஐந்து அழுத்தம் கேட்கவே கேட்காது. பிறகு எல்லா சானெட்டும் உரைநடையாகத்தான் தெரியும். இதற்கு ஒரு வழி உண்டு. சொற்களை எடுப்பதற்கு முன் 'ததீம் ததீம் ததீம் ததீம் ததீம்' என்று மேசையில் தட்டிக்கொண்டே நான்கைந்து முறை சொல்ல வைக்க வேண்டும். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வரியை அதன்மேல் வைக்க வேண்டும். எங்கே சொல்லும் தட்டும் முட்டிக்கொள்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடுகள்தான் பாடம்.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் கண்பார்வை இழந்தது பற்றி எழுதிய சானெட்டில் ஐந்தாம் வரியின் இறுதியில் 'பிரெசென்ட்' என்ற சொல் வருகிறது. பரிசு என்ற பொருளில் முதல் அசையை அழுத்தினால் தட்டு தவறும். முன்னால் வந்த 'ஸ்பென்ட்', 'பென்ட்' என்பவற்றோடு ஒலியும் ஒட்டாது. ஒப்படைத்தல் என்ற வினையாக, இரண்டாம் அசையை அழுத்தினால் மட்டுமே வரி நிற்கும். அகராதி இல்லாமலே யாப்பு பொருளைச் சொல்லிக்கொடுக்கிற இடம் இது. அதே பாட்டில் இன்னொன்று நடக்கிறது. திருப்பம் ஒன்பதாம் வரியில் வர வேண்டும் என்பது மரபு. பார்வையற்றவனிடம் பகல் வேலையைக் கடவுள் கேட்பாரா என்ற கேள்வி, ஏழு வரிக்கு மேல் மூச்சுவிடாத ஒரே வாக்கியமாக ஓடிவருகிறது. எட்டாம் வரியின் நடுவிலேயே பொறுமை என்பவள் குறுக்கிட்டு அந்த முணுமுணுப்பைத் தடுக்கப் பேசத் தொடங்குகிறாள். பொறுமை தன் முறைக்குக் காத்திராமல் முந்திக்கொள்கிறாள்! பொருள் எல்லையை மீறுகிறது. வரியிறுதி ஒலி மட்டும் எட்டாம் வரியில் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுகிறது. ஒன்பதாம் வரி என்ற எல்லைக்கோடு முன்பே இருந்ததால்தான் அவள் முந்திவந்தது நமக்குத் தெரிகிறது. கட்டற்ற வரியில் இதைச் செய்ய முடியாது, மீறுவதற்கு அங்கே கோடு இல்லை.

படிமத்தால் வரும் ஒழுங்குக்கு ஷேக்ஸ்பியரின் 73ஆவது சானெட்டைப் போல வேறொன்று கிடைப்பது அரிது. முதுமையும் சாவும்தான் பொருள். முதல் கண்ணியில் இலை உதிர்ந்த பருவம். இரண்டாவதில் கதிர் மறைந்தபின் மேற்கில் மங்கும் வெளிச்சம். மூன்றாவதில் சாம்பலின்மேல் கிடக்கும் கடைசிக் கனல். ஆண்டு, நாள், ஒரு நெருப்பு அணையும் நேரம் என்று காலம் கண்ணிக்குக் கண்ணி சுருங்குகிறது, வெளியும் சுருங்குகிறது. பருவத்துக்குப் பின் வசந்தம் திரும்பும், இரவுக்குப் பின் விடியும், கனல் அணைந்தால் அணைந்ததுதான். மூன்று படிமங்களின் வரிசையை மாற்றிப் போட்டால் பாட்டு செத்துவிடும்.

அதில் இரண்டாம் வரியைத் தனியே சொல்ல வேண்டும். கிளையில் மஞ்சள் இலைகள், அல்லது ஒன்றுமில்லை, அல்லது சில என்று எண்ணுகிறது அந்த வரி. முறையாக எண்ணினால் இலைகள், சில, ஒன்றுமில்லை என்றுதான் இறங்க வேண்டும். இங்கே சூனியத்துக்குப் போன எண்ணம் சட்டென்று திரும்பி, இல்லை, இன்னும் சில இருக்கின்றன என்று பிடித்துக்கொள்கிறது. சாவை நினைப்பவனின் மனம் தடுமாறும் இடம் அதுதான். அந்த வரியைத் தட்டிப் பாருங்கள். ஐந்து தட்டும் ஒரு பிசகில்லாமல் விழும். எண்ணிக்கை குலைந்திருக்கிறது, ஓசை குலையவில்லை. குழப்பமும் ஒழுங்கும் ஒரே வரியில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குழப்பத்தையே பாத்திரமாக்கிப் பதினான்கு வரிக்குள் அடைக்கப்போவதாக அமெரிக்கக் கவிஞர் எட்னா மிலே எழுதிய சானெட்டும் உண்டு. அவர் மறைந்தபின் 1954இல் நூலாக வந்தது. எட்டு வரி வரை வாக்கியம் வரியிறுதியில் நிற்காமல் அடுத்த வரிக்குள் வழிந்து ஓடுகிறது. தப்பிக்க முயல்வது குழப்பம் மட்டுமல்ல, வாக்கியமும்தான். பின் ஆறு வரியில் சொற்றொடர்கள் குறுகி, முற்றுப்புள்ளிகள் வரத் தொடங்குகின்றன. பிடித்துவிட்டேன் என்ற பொருள்பட மூன்றே அசையில் ஒரு வாக்கியம். கடைசி ஆறு வரியில் ஓர் ஒலித்தொகுதி முழுதாகப் பொருந்தாமல் சற்றே தளர்ந்திருக்கிறது. வேண்டுமென்றே விட்ட தளர்வு என்பது எங்கள் கருத்து. வென்றவர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

இந்த வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் ஊர்க்காரர். மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் 1870இல் பிறந்த பரிதிமாற்கலைஞர், 1901இல் 'தனிப்பாசுரத் தொகை' என்ற பெயரில் சானெட்டை ஒட்டிய பாடல்களை வெளியிட்டார். ஜி. யு. போப் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தைப் பாண்டித்துரைத் தேவர் தொடங்கியதும் அதே ஆண்டுதான். செம்மொழிக் குரலுக்காகப் பரிதிமாற்கலைஞரைக் கொண்டாடுகிற நாம், இந்தப் பாடல்களை வகுப்பில் திறப்பதே இல்லை என்பது வருத்தமான செய்தி.

இன்று ஒருவர் தமிழில் பதினான்கு வரி எழுத விரும்பினால் எங்கே சறுக்கும்? முதலில் வரியிறுதியில். ஆங்கிலத்தைப் பார்த்து இயைபை மட்டும் நம்பினால் 'வந்தான், சென்றான், நின்றான்' என்று விகுதியே எல்லா ஒலியையும் தந்துவிடும். இலவசமாகக் கிடைத்த ஒலிக்குக் காதில் மதிப்பில்லை. தமிழின் பலம் அடியின் தலையில் இருக்கிறது. ஆகவே ஒலிப்பின்னலை எதுகையில் போடலாம்: 1, 4, 5, 8 ஆம் அடிகளுக்கு ஓர் எதுகை, 2, 3, 6, 7க்கு வேறொன்று, பின் ஆறடியில் ஒன்றுவிட்டு ஒன்று. அடுத்தடுத்த அடியில் எதுகையை எதிர்பார்க்கும் நம் காதுக்கு, இரண்டு அடி தாண்டி வருவது நழுவிப் போகும். அதற்கு மருந்து, 'ட்ட', 'ற்ற', 'ச்ச' போன்ற வலுத்த எதுகை. முதலெழுத்துகள் எல்லாம் குறில், அல்லது எல்லாம் நெடில் என்ற விதியையும் தளர்த்தக் கூடாது. அடிக்கு நான்கு சீர் வைத்து நிலைமண்டில ஆசிரியப்பாவாக எழுதுவது நல்லது, 56 சீர். வெண்டளையிலேயே பதினான்கு அடி போனால் அது கலிவெண்பாவாகி, எட்டாம் அடியில் நிற்க விடாமல் இழுத்துக்கொண்டே போகும்.

இரண்டாவது சறுக்கல் முடிவில். மூன்று கண்ணியும் ஒன்றையே மூன்று உவமையில் சொல்லிவிட்டு, கடைசி இரண்டு வரியில் ஒரு நீதி. நன்னூல் பத்துக் குற்றங்களில் 'சென்றுதேய்ந்து இறுதல்' என்று சொன்னது இதைத்தான். திருப்பத்தை முதலில் எழுதிவிட்டு, அது யாரை மறுக்கிறதோ அந்தப் பகுதியைப் பிறகு எழுதுவது பெரும்பாலும் உதவும்.

பதினான்கு அடி பெரிது என்று தோன்றுகிறவர்களுக்கு நேரிசை வெண்பா இருக்கிறது. நாலடி, பதினைந்து சீர். இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல் முன்னிரண்டு அடிகளோடு எதுகையாலும், பின்னிரண்டு அடிகளோடு பொருளாலும் ஒட்டி நிற்கும். சானெட்டின் திருப்பத்துக்கு ஒரு முழு வரி தேவைப்படுகிறது. வெண்பா அதை ஒரு சொல்லில் முடித்துவிடும். பயிற்சிக்காக நாங்கள் எழுதிய ஒன்று:

கூச்சல் பெருகும் குறுந்தெரு எங்கணும்
பேச்சும் இரைச்சலும் பின்னிட - மூச்சை
அளந்து விடும்பாட்டில் ஆர்ப்பெல்லாம் சீராய்
வளர்ந்து நடக்கும் வரி.

தனிச்சொல் 'மூச்சை'. அதுவரை சத்தம் தெருவில் இருக்கிறது, அந்தச் சொல்லிலிருந்து உடம்புக்குள் வருகிறது. முதல் பாதியில் வல்லின இரட்டிப்பு: கூச்சல், பேச்சும், இரைச்சலும். மூச்சிலும் அதே 'ச்ச' இருக்கிறது, அதன்பின் 'ளந்து', 'ளர்ந்து' என்று ஓசை இளகுகிறது. இப்போது மூன்றாம் அடியின் 'சீராய்' என்பதைச் 'சீராக' என்று எழுதுங்கள். பொருள் அதேதான். ஆனால் தேமா, தேமாங்காய் ஆகிவிட்டது. அடுத்த 'வளர்ந்து' நிரையில் தொடங்குகிறது. காய்க்குப் பின் நிரை கலித்தளை. ஓர் எழுத்து மாறியதால் வெண்பா உடைந்தது. எங்கே உடைந்தது என்று தெரியாமல் வெண்பா எழுதக் கற்க முடியாது. ஆகவே சரியான பாட்டை அலகிடுவதோடு, உடைந்த பாட்டைக் கொடுத்து உடைந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

மதுரை மாணவருக்கு, 73ஆவது சானெட்டின் சுருங்கும் முறையைக் கற்றுக்கொடுக்கத் தெருவே போதும். முதல் கண்ணி வெளி வீதிகளின் பேருந்து இரைச்சல், இரண்டாவது மாசி வீதிகளின் கடைக்கூட்டம், மூன்றாவது சித்திரை வீதிகளில் செருப்பைக் கழற்றிய கால்கள், கடைசி இரண்டடி பொற்றாமரைக் குளத்துப் படி. ஒவ்வொரு கண்ணியிலும் ஒலி ஒரு படி குறைய வேண்டும் என்பது மட்டும் விதி. சித்திரை வீதிக் கண்ணியில் வல்லினம் குவிந்திருந்தால் திருப்பி எழுத வேண்டியதுதான்.

தங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஞாயிறு இணைப்பில் மாதம் ஒருமுறை ஈற்றடி கொடுத்து வெண்பா கேளுங்கள். பரிசு வேண்டாம். தேர்ந்த வெண்பாவை அலகிட்டு வெளியிடுங்கள். தளை தட்டிய ஒன்றையும், எழுதியவர் பெயரில்லாமல், தட்டிய இடத்தைச் சுட்டி அதன் பக்கத்திலேயே வெளியிடுங்கள். முதல் மாதத்துக்கு 'வளர்ந்து நடக்கும் வரி' என்பதையே ஈற்றடியாக வைக்க எங்களுக்குச் சம்மதம். இரண்டாவது, ஜூலை 6 பரிதிமாற்கலைஞர் பிறந்த நாள். அன்று விளாச்சேரியில் அவருக்கு மாலை போடுவதோடு நில்லாமல், அவருடைய பதினான்கடிப் பாடல் ஒன்றை ஒருவர் வாய்விட்டுப் படிக்கவும், அதன் போப் மொழிபெயர்ப்பை இன்னொருவர் படிக்கவும் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் எழுதினால் நடக்கும். அலகிடும் தாள்களைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இங்ஙனம்,
ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை.